ரத்தம் வராத காயம்!

உங்களுக்கு இப்போ என்ன வயசு? பதினெட்டு? இருபது? மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு?

இந்த வயசில் நமக்கு இருக்கிற டென்ஷன் லிஸ்ட் ரொம்பப் பெரிசு. அரியர், இன்டர்னல் மார்க், கேம்பஸ் இன்டர்வியூ, அனுப்பின மெசேஜுக்கு இன்னும் வராத பதில்... இதே வயசில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு டென்ஷனே வேறு மாதிரி. தலைக்கு மேலே குண்டு பறக்கும். நேற்று ராத்திரி ஒரே குவளை டீயைப் பங்கு போட்டுக் குடித்தவன், இன்றைக்கு இருக்க மாட்டான். எந்த நாட்டு ராணுவத்தை எடுத்துக்கொண்டாலும், முன்வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் காலேஜ் வயசுப் பசங்கதான்.

சினிமாவில் போர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்லோமோஷனில் ஓடும் ஹீரோ, வெடிக்கும் டாங்கி, கடைசியில் பறக்கும் கொடி. தியேட்டரில் விசில் பறக்க, நாமும் எழுந்து வந்துவிடுவோம். அதே ஹீரோ மூன்று வருஷம் கழித்து, சொந்த வீட்டில், நடு ராத்திரியில் வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவானே... அந்த சீன் பெரும்பாலும் ஸ்கிரீனுக்கு வராது.

கை போனால் கண்ணுக்குத் தெரியும். கால் போனால் தெரியும். மனசு உடைந்தால்? எக்ஸ்ரேயில் விழாது. அதனால்தானோ என்னவோ, அந்தக் காயத்துக்கு மருத்துவம் ஒழுங்காக ஒரு பெயர் வைக்க 65 வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தப் பசங்களுக்கு உலகம் வைத்த பெயர்கள் வேறு. கோழை, நடிக்கிறான், பைத்தியம்... அந்த 65 வருஷக் கதைதான் இது.

1915: முதல் பெயர்

முதல் உலகப் போர் 1914-ல் ஆரம்பித்தது. பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் பதுங்கு குழி வெட்டி, அதற்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்து சண்டை போட்டார்கள். எதிரியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நாள் முழுக்கப் பீரங்கிக் குண்டுகள் மட்டும் வந்து விழும். ஓட முடியாது, திருப்பி அடிக்க முடியாது. அடுத்தது நம்ம தலையிலா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

கொஞ்ச நாளில் விசித்திரமான கேஸ்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தன. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால், ஒருத்தனுக்குக் கண் தெரியவில்லை. ஒருத்தனுக்குப் பேச்சு வரவில்லை. இன்னொருத்தனுக்குக் கை, கால் நடுக்கம் நிற்கவே இல்லை. சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இப்படி மூன்று பேரைப் பரிசோதித்து, 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ‘ஷெல் ஷாக்’ என்ற வார்த்தை, அந்தக் கட்டுரை மூலம் மருத்துவத்துக்குள் வந்தது. பீரங்கிக் குண்டு வெடித்த அதிர்ச்சி என்று அர்த்தம்.

வெடிப்பின் வேகத்தில் மூளை, நரம்பு ஏதோ குலுங்கிவிட்டது என்றுதான் டாக்டர்கள் முதலில் நினைத்தார்கள். ஆனால், குண்டு பக்கத்தில்கூட விழாத பசங்களுக்கும் அதே நடுக்கம் வந்தது. அப்போதுதான் ராணுவத்துக்குச் சிக்கல். காயம் என்றால் பென்ஷன் தரணும், மரியாதை தரணும். பயம் என்றால்?

பிரிட்டிஷ் ராணுவம் ஆளைப் பிரித்தது. குண்டு வெடித்ததால் வந்த பாதிப்பு என்றால் ‘காயம்’ என்று ஒரு முத்திரை. சட்டைக் கையில் காயப் பட்டை குத்திக்கொள்ளலாம், பென்ஷன் உண்டு. மற்றவர்களுக்கு ‘நோய்’ என்று இன்னொரு முத்திரை. அவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை. அதுவும் போதாது என்று 1917-ல் ‘ஷெல் ஷாக்’ என்ற வார்த்தையையே கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது என்று தடை போட்டார்கள். பதிலாக எழுதச் சொன்னது, ‘நரம்புக் கோளாறு, இன்னும் கண்டறியப்படவில்லை’. பெயரை எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை! போகவில்லை. போர் முடியும்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் இப்படிச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 80,000 பேர்.

20 நிமிஷ விசாரணை

ஹாரி ஃபார் என்ற சிப்பாயின் கதையைக் கேளுங்க. போர் தொடங்கியதுமே களத்துக்குப் போனவர். 1915 மே மாதம் நடுக்கம் தாங்காமல் விழுந்தார். ஷெல் ஷாக் என்று ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேனாவைப் பிடிக்க முடியாத அளவு கை ஆடியதால், மனைவிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தாராம். கொஞ்சம் தேறியதும் மறுபடியும் களத்துக்கே அனுப்பினார்கள்.

1916 செப்டம்பர். சோம் யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். ‘இனிமேல் என்னால் முடியாது’ என்று முன்வரிசைக்குப் போக மறுத்தார் ஃபார். ராணுவ நீதிமன்றம் கூடியது. அவருக்காக வாதாட ஆள் இல்லை. அவரே தனக்காகப் பேசினார். சுமார் 20 நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. குற்றம், கோழைத்தனம். 1916 அக்டோபர் 16 காலையில் சொந்த ராணுவமே அவரைச் சுட்டுக் கொன்றது. வயது 25.

வீட்டில் சின்னக் குழந்தையோடு இருந்த மனைவிக்குப் பென்ஷன் கிடையாது. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் அவமானம் என்று அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை. பிற்பாடு அந்தக் குழந்தை, தன் அப்பா கோழை இல்லை என்று போராட ஆரம்பித்தார். 2006-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஃபார் உட்பட அந்தப் போரில் இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அப்போது அந்த மகளுக்கு வயது 93!

இந்த 306 பேருமே மனம் உடைந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அவர்களில் ஃபார் மாதிரியானவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. கண்ணைக் கட்டி நிற்கும் ஓர் இளைஞன் சிலை, சுற்றி 306 மரக் கம்பங்கள். அந்தச் சிலைக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஹெர்பர்ட் பர்டன். வயசை ஏற்றிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்தவர். 1915-ல் சுடப்பட்டபோது அவருக்கு வயது 17. நம்ம ஊர்க் கணக்கில் பிளஸ் டூ!

ஊட்டிக்கு வந்த டாக்டர்

எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள் என்றும் இல்லை. டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் என்று ஒரு டாக்டர். நமக்குக் கொஞ்சம் தெரிந்தவர்தான். 1901-02-ல் நீலகிரிக்கு வந்து, மலையில் மாதக்கணக்கில் தங்கி, தோடர் மக்களின் வாழ்க்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். மற்றவர் பேசுவதைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பது அவருக்குக் கைவந்த கலை.

போர் நேரத்தில் ஸ்காட்லாந்தில், எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் என்ற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் ரிவர்ஸ். ‘நடந்ததையெல்லாம் மறந்துடு, நினைக்காதே’ என்று எல்லோரும் சிப்பாய்களுக்கு அட்வைஸ் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொன்னது நேர் எதிர். அமுக்கி வைத்தால்தான் அது கனவில் வந்து குதறும். பேசு, நான் கேட்கிறேன் என்றார். சீக்ஃபிரிட் சசூன் என்ற கவிஞர் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார்.

ஆனால், அது அதிகாரிகளுக்கான ஆஸ்பத்திரி. சாதாரண சிப்பாய்களில் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற டாக்டர், பேச்சு வராத 24 வயசு சிப்பாய் ஒருவரை அறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பேச்சு வரும் வரை விடமாட்டேன் என்று நாலு மணி நேரம் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேச்சு வந்தது. மனசுக்குள் இருந்தது என்ன ஆச்சு? அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரே போர், ஒரே காயம்... ஆனால், தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம் என்பதைப் பொறுத்து வைத்தியம்!

ஒரு அறை, ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போர் வந்தது. பாடம் கற்றுக்கொண்டார்களா? 1943 ஆகஸ்ட், இத்தாலியின் சிசிலித் தீவு. அமெரிக்கத் தளபதி பேட்டன், காயம்பட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாயைக் கோழை என்று திட்டி அறைந்தார். ஒரு வாரம் கழித்து, இன்னொரு ஆஸ்பத்திரியில் இன்னொரு சிப்பாய்க்கும் அதே அடி. அவருக்கு வயது 21. முதலில் அடி வாங்கியவருக்கு மலேரியா காய்ச்சலும் சேர்ந்து இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. விஷயம் மேலிடத்துக்குப் போய், மன்னிப்புக் கேள் என்று பேட்டனுக்கு உத்தரவு வந்தது.

போர் முடிந்ததும் 1946-ல் அமெரிக்க ராணுவ மனநல மருத்துவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 200 முதல் 240 நாள் களத்தில் நின்றால், யாராக இருந்தாலும் உடைந்துதான் போவார்கள். சண்டை பழகிப் போகும் என்பதெல்லாம் சும்மா. அதாவது, உடைவது ஆளின் பலவீனம் இல்லை. எந்த மனசுக்கும் தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது.

அதே காலகட்டத்தில், இப்படிப் பாதிக்கப்பட்ட வீரர்கள் ஆஸ்பத்திரியில் அழுவதையும் தேறுவதையும் அப்படியே படம் பிடித்தார் டைரக்டர் ஜான் ஹூஸ்டன். ‘லெட் தேர் பி லைட்’ என்று டாகுமென்டரி. எடுக்கச் சொன்ன ராணுவமே அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. வெளியே வர 1980 வரை ஆச்சு.

1980: கடைசியில் ஒரு பெயர்

அதே 1980-ல்தான் இன்னொன்றும் நடந்தது. அதற்குக் காரணம் வியட்நாம் போர்.

அந்தப் போரில் அமெரிக்க வீரனுக்குப் பொதுவாக ஒரு வருஷம் டியூட்டி. முடிந்ததும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். முந்தாநாள் காட்டில் துப்பாக்கியோடு இருந்தவன், இன்றைக்கு அம்மா சமையலறையில் உட்கார்ந்திருப்பான். உடம்பு வந்துவிட்டது, மனசு வரவில்லை. டாக்டரிடம் போனால், உனக்குப் பழைய பிரச்னை ஏதோ இருந்திருக்கும், போருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்ற மாதிரி பதில்.

பசங்க என்ன பண்ணினார்கள் தெரியுமா? 1970 வாக்கில் நியூயார்க்கில் தாங்களே வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ‘ராப் குரூப்’ என்று பெயர். பாட்டு ராப் இல்லை. மனம் விட்டுப் பேசுவது. ராபர்ட் லிஃப்டன், ஹயிம் ஷாடன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். எழுதினார்கள். அடுத்த பத்து வருஷம் விடாமல் சண்டை போட்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஒரு புதுப் பெயர் ஏறியது. ‘போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’. சுருக்கமாக பி.டி.எஸ்.டி.

ஒரு பெயர் கிடைத்ததில் என்ன பெரிய லாபம் என்கிறீர்களா? பெயர் இருந்தால்தான் சிகிச்சை, ஆராய்ச்சி, பென்ஷன் எல்லாம். பெயர் வந்த பிறகுதான் ஆளை எண்ணவே முடிந்தது. 1980-களின் பிற்பகுதியில், அதாவது 1975-ல் போர் முடிந்து பத்து வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, நடந்த பெரிய ஆய்வில், வியட்நாம் போய் வந்த ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு அப்போதும் அந்தப் பாதிப்பு இருந்தது.

வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் இருக்கிறது. கறுப்புக் கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். 1981-ல் அந்த டிசைனைப் போட்டு, 1,400-க்கும் மேற்பட்டவர்களோடு மோதி ஜெயித்தவர் மாயா லின். அப்போது அவர் 21 வயசு காலேஜ் மாணவி! ஆனால், ஊர் திரும்பிய பிறகு மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் பெயர்களுக்கு அந்தச் சுவரில் விதிப்படி இடம் இல்லை. பிற்பாடு இறந்தவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 2004-ல் பக்கத்தில் ஒரே ஒரு கல் வைத்தார்கள். தனித்தனிப் பெயர் இல்லாத கல்.

தலைக்குள் என்னதான் நடக்குது?

ரொம்ப சிம்பிளாகச் சொன்னால், நம்ம மூளைக்குள் ‘அமிக்டலா’ என்று பாதாம் கொட்டை சைஸில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. மணி அடித்ததும் நெஞ்சு படபடக்கும், கை கால் தயாராகும். ஆபத்து போனதும் மணி நிற்கணும்.

களத்தில் இருக்கும் வீரனுக்கு அந்த மணி நிற்காமல் அடித்தால்தான் உயிர் மிஞ்சும். சத்தம் கேட்டால் தரையில் விழணும், ரோட்டோரக் குப்பைப் பையில் குண்டு இருக்குமோ என்று பார்க்கணும். அங்கே அது திறமை. ஊருக்கு வந்த பிறகும் மணி நிற்கவில்லை என்றால், அதுவே நோய். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஆட்டம்பாம் போட்டால் நமக்குக் காது அடைக்கும். அவனுக்கு அந்த நொடி தெருவே மறைந்து போர்க்களம் வந்துவிடும். ‘ஞாபகம் வருது’ என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அது திரும்ப நடக்கிற மாதிரியே இருக்கும். கெட்ட கனவு, தூக்கமின்மை, சுரீரென்று கோபம், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது, பிடித்தவர்களிடம்கூட மனசு ஒட்டாமல் போவது... இதெல்லாம் அடையாளங்கள்.

பயம் மட்டுமா? குற்ற உணர்ச்சியும் உண்டு. அவன் செத்தான், நான் ஏன் பிழைச்சேன்? நான் சுட்டது யாரை? இப்படி மனசாட்சியில் விழும் காயத்துக்கு ‘மாரல் இன்ஜுரி’ என்று பெயர். வியட்நாம் வீரர்களுக்குப் பல வருஷம் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் பரவலாக்கிய வார்த்தை அது. மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராது. யாராவது உட்கார்ந்து கேட்கணும்.

பெயர் வந்தாச்சு... வெட்கம் போச்சா?

அதுதான் இல்லை. 2004-ல் ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று. மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தவர்களில் உதவி தேடியவர்கள் 23 முதல் 40 சதவிகிதம் பேர்தான். மற்றவர்கள்? ‘பலவீனமானவன்னு நினைப்பாங்க’, ‘மேலதிகாரி வேற மாதிரி பார்ப்பார்’. 1916-ல் ஃபாரைக் கொன்ற அதே வார்த்தை, வேறு சட்டை போட்டுக்கொண்டு!

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவுகள் ஆய்வுத் திட்டம் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2001-க்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் 7,057 பேர். அந்தக் காலகட்டத்தில் பணியாற்றியவர்களில், பணியில் இருந்தபோதோ ஊர் திரும்பிய பிறகோ தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,177 பேர். கிட்டத்தட்ட நாலு மடங்கு. இன்னொரு தடவை படியுங்க.

அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று தோணுதா? பக்கத்தில் இலங்கையில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. 18 வயசு நிறையாத பிள்ளைகளும் புலிகள் படையில் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. எதிரே நின்ற ராணுவத்திலும் சம்பளத்துக்காகச் சேர்ந்த கிராமத்துப் பசங்க எத்தனையோ பேர். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக வேலை பார்த்த தயா சோமசுந்தரம், போர் அங்கே மனசுகளில் விட்டுப்போனதைப் பற்றி வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். அங்கே இதற்குப் புழங்கும் தமிழ் வார்த்தை ‘மனவடு’. வடு என்றால், காயம் ஆறினாலும் போகாத தழும்பு.

நம்ம பக்கமும் பாருங்க. வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துக்குப் போகிற ஊர் உண்டு. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயசிலேயே சேரலாம். நாலு வருஷம் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பணும். அப்போது அவர்களுக்கு வயசு, நம்ம ஃபைனல் இயர் வயசு. உங்கள் பக்கத்து பெஞ்சில் வந்து உட்காரவும் வாய்ப்பு உண்டு.

நாம என்ன பண்ணலாம்?

பெரிசா எதுவும் வேண்டாம். ராணுவத்திலிருந்து லீவில் வரும் அண்ணனிடம், சித்தப்பாவிடம் ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று கேட்காதீங்க. ஜாலியான கேள்வி இல்லை அது. பின்னால் போய் திடீரென்று தோளைத் தட்டாதீங்க. பட்டாசு வெடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெடியுங்க. அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் அட்வைஸ் வேண்டாம், கேளுங்க. ‘ஆம்பளை அழலாமா’ என்ற டயலாக்கைத் தூக்கிக் குப்பையில் போடுங்க. சாகணும் போல இருக்கு என்று விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்காதீங்க.

இது தீராத வியாதியும் இல்லை. பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவர் துணையோடு, அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சைகள் இன்று இருக்கின்றன. நிறையப் பேருக்குப் பலன் கொடுக்கின்றன. நம்ம நாட்டில் 2022-ல் ‘டெலி மானஸ்’ வந்தது. 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். ராணுவத்தினருக்கென்றே அதில் ஒரு தனிப் பிரிவை 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கினார்கள். கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள், முதல் போனைப் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

போர் முடிந்தது என்று அரசாங்கங்கள் ஒரு தேதியில் கையெழுத்துப் போட்டுவிடும். அதில் சண்டை போட்டவனுக்கு அது முடியும் தேதி வேறு. அந்தத் தேதி சீக்கிரம் வருமா, வராமலே போகுமா என்பதில் டாக்டருக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி, ஊருக்கு வந்தவனை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.